கூரைமேல் எடுத்த படம் என்று காட்டினார், அது எங்கள் கூரையே இல்லை

சிங்கப்பூரில் சிக்லாப் பக்கம் பழைய தரைவீடுகளில் இருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். தபால்பெட்டியில் விழுந்த 'இலவசக் கூரைச் சோதனை' தாளை நம்பி 2,600 வெள்ளியை விட்டிருக்கிறேன்.

எங்கள் கூரையில் ஒரு சிம்னி உண்டு, ஆனால் குளிர்காயும் அடுப்பு வீட்டில் கிடையாது, இந்த ஊரில் அது யாருக்கு வேண்டும்! சமையலறையில் அடுப்புக்கு மேலே புகையை இழுக்கும் ஹூடின் குழாய் ஓட்டுக் கூரையைத் தாண்டி மேலே போகிறது. மாமனார் காலத்தில் வைத்தது. வீட்டில் அதைத்தான் சிம்னி என்போம். அதன் மூடி எப்போதோ காற்றில் போய்விட்டது. மைனா கூடு கட்டிவிட்டதால் ஹூடின் ஃபில்டரைக் கழற்றினால் காய்ந்த புல்லும் இறகும் கொட்டும்.

வந்தவர் தமிழர். "நம்ம வீடு மாதிரி பார்த்துச் செய்றேன் அக்கா" என்றார். அங்கேயே பாதி விழுந்துவிட்டேன், காப்பி வேறு போட்டுக் கொடுத்தேன். மூடி போட 180 வெள்ளி என்று பேச்சு. ஏணியில் ஏறிப் பத்து நிமிடத்தில் இறங்கி, ஃபோனில் படம் காட்டினார்: பாசி பிடித்த ஓடு, நெடுக விரிசல். "டிசம்பர் மழைக்குத் தாங்காதுக்கா. இன்னைக்கே சொன்னீங்கன்னா எல்லாம் சேர்த்து 2,600." பாதியை அப்போதே ஃபோன்வழிப் பணம் அனுப்பும் பேநவ்வில் அனுப்பினேன், மீதியை வேலை முடிந்த அன்று. பில் என்று தந்தது கடையில் விற்கும் ரசீதுப் புத்தகத்துத் தாள். அதில் நிறுவனப் பெயரும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை.

தீபாவளி முறுக்குக்கு எண்ணெய் வைத்த அன்று ஹூட் உறுமியதே தவிர புகை மேலே போகவில்லை. டிசம்பர் மழையில் குழாயின் வெளிப்பக்கமாகத் தண்ணீர் வழிந்து அடுப்பில் சொட்டியது. கூப்பிட்டால் இரண்டு முறை "வர்றேன்க்கா", அப்புறம் பதிலே இல்லை.

தோழி சொன்ன இன்னொருவரை அழைத்தோம். மேலே போய், கழற்றியதை அப்படியே கையில் கொண்டுவந்து காட்டினார். ஜன்னலுக்குப் போடும் கொசுவலையைக் குழாய் வாயில் இழுத்துக் கட்டியிருந்தார்கள். சமையல் எண்ணெய் படிந்து மெழுகுத்துணி மாதிரி அடைத்திருந்தது. தீப்பிடித்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. குழாயைச் சுற்றி வெறும் சிலிகான். வெயிலில் காய்ந்து, இழுத்தால் ஸ்டிக்கர்போல உரிந்து வந்தது. ஒரு ஓடுகூட மாற்றப்படவில்லை. முதலாமவர் காட்டிய அந்தக் கூரைப் படத்தை மாமியாரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தவர், "இதுல ஆன்டெனா இருக்கேம்மா, நம்ம வீட்ல ஏது?" என்றார்.

சரியான வேலை எப்படி இருக்கும் என்று இரண்டாமவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். குழாயைச் சுற்றி வரும் உலோகத் தகடு, மேல்பக்கம் ஓட்டுக்கு அடியிலும் கீழ்ப்பக்கம் ஓட்டுக்கு மேலேயும் இருக்க வேண்டும். அப்போதுதான் சரிவில் வரும் தண்ணீர் தகட்டின் மேலாகவே ஓடிவிடும். சிலிகான் அதற்குத் துணை மட்டுமே. மூடி குழாய் வாயில் ஒட்டி உட்காராமல் காற்றுப் போக இடைவெளி விட்டு நிற்க வேண்டும். பக்கவாட்டில் துருப்பிடிக்காத எஃகு வலை, பறவை நுழையாத ஆனால் எண்ணெய் அடைக்காத அளவுக் கண்களோடு. அதையும் அவ்வப்போது கழுவ வேண்டும்.

இன்னொன்று. இரவில் கூரைக்குள் பிறாண்டும் சத்தம் கேட்டதைச் சொன்னபோது, 300 வெள்ளிக்குப் பொறி வைக்கிறேன் என்றார் முதலாமவர். நல்லவேளை, வேண்டாம் என்றேன். எங்கள் பேட்டையில் அது பெரும்பாலும் மரநாய், மலாய்க்காரர்கள் மூசாங் என்பார்களே, அதுதான். அனுமதியில்லாமல் காட்டு விலங்கைப் பிடிப்பது சட்டப்படி குற்றம், மாட்டுவது நாமாகவும் இருக்கலாம். ஓட்டைகளை அடைக்கும் முன் உள்ளே குட்டி இருக்கிறதா என்று இரண்டாமவர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

பணத்துக்குச் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தை யோசித்தேன். 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் யார்மீது போடுவது? என்னிடம் இருப்பது ஒரு ஃபோன் எண். முன்பணம் கட்டும் முன் நிறுவனத்தின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி பிஸ்ஃபைல் என்ற அரசு நிறுவனப் பதிவுத் தளத்தில் தேடியிருக்கலாம், ஐந்து நிமிட வேலை.

போன வாரம் பெட்டியில் புதுத் தாள் ஒன்று கிடந்தது. நிறுவனப் பெயர் வேறு, ஃபோன் எண் அதேதான்.