வைண்டிங் கடையா, நர்சிங்கா, சாயப்பட்டறையா, கணினியா: ஏ.ஐ. காலத்தில் ஒரு கொங்கு வீட்டுக் கணக்கு

பிளஸ் டூ முடிவு வந்த சில நாள்களில், பெருந்துறைப் பக்கத்திலுள்ள உறவினர் வீட்டில் நான்கு யோசனைகள் ஒரே நேரத்தில் பேசப்பட்டன. பையனுக்குக் கோவையில் கணினிப் பொறியியல், அல்லது மாமன் ஈரோட்டில் நடத்தும், கருகிய மோட்டாருக்குப் புதிதாகக் கம்பி சுற்றிக் கொடுக்கும் வைண்டிங் கடை. பெண்ணுக்கு நர்சிங், அல்லது துணிப் பதப்படுத்தல் படித்துவிட்டுத் திருப்பூர்ச் சாயப்பட்டறையின் ஆய்வகம். முன்பெல்லாம் இத்தகைய பேச்சில் கல்விக் கட்டணமும் விடுதியும் மட்டுமே அடிபடும். இம்முறை அப்புச்சி (தாய்வழித் தாத்தா) என்னைப் பார்த்து வேறொன்று கேட்டார்: "ஏன் தம்பி, இந்த ஏ.ஐ. தின்னுட்டுப் போகாத வேல எதப்பா இருக்குது?"

கேள்வி நியாயமானது, ஆனால் பாதிதான். இயந்திரத்தால் பிடுங்க முடியாத வேலை எது என்பது ஒரு கணக்கு, அந்த வேலையை வைத்துக் குடும்பம் நடத்த முடியுமா என்பது இன்னொரு கணக்கு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான், 'கைத்தொழில் படி, ஏ.ஐ. வராது' என்ற அறிவுரை இப்போது இவ்வளவு எளிதாக வழங்கப்படுகிறது. அதை வழங்குபவர்கள் தங்கள் பிள்ளைகளை ஐ.டி.ஐ.க்கு அனுப்பி நான் பார்த்ததில்லை.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் ஃபிரே, மைக்கேல் ஆஸ்பார்ன் ஆகிய இருவரும் 2013-இல் 702 தொழில்களை ஆராய்ந்து, அமெரிக்க வேலைகளில் 47 விழுக்காடு கணினிமயமாகும் ஆபத்தில் இருப்பதாகக் கணித்தபோது, இயந்திரத்தைத் தடுக்கும் மூன்று சுவர்களையும் குறிப்பிட்டார்கள்: ஒழுங்கற்ற இடத்தில் கையும் கண்ணும் சேர்ந்து செய்யும் வேலை, படைப்புத்திறன், மனிதரோடு மனிதர் பழகும் திறன். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு நடுச் சுவரில் பெரிய விரிசல் விழுந்துவிட்டது. 2023-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வெளியிட்ட ஆய்வும் எழுத்தர் வேலைகளே மிக அதிகமாகப் பாதிக்கப்படும் என்றது. கையின் சுவர் மட்டும் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. செக்கர்ஸ் என்ற பலகை ஆட்டத்தில் பெரியவருக்கு நிகராக ஆடும் கணினிக்கு, ஒரு வயதுக் குழந்தையைப்போல் பார்த்து, பிடித்து, நடக்கக் கற்றுக்கொடுப்பதுதான் கடினம் என்று ரோபோ ஆய்வாளர் ஹான்ஸ் மொராவெக் 1988-லேயே எழுதியிருந்தார்.

அந்தச் சுவர் எப்படி இருக்கும் என்பதைப் பார்க்க வைண்டிங் கடையை விடப் பொருத்தமான இடம் நம் பக்கத்தில் இல்லை. ஆழ்குழாய்க் கிணற்றில் இறக்கிய மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் நூல் மாதிரி வருகிறது என்று ஒரு தோட்டத்துக்காரர் கூப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நீர்மட்டம் இறங்கியிருக்கலாம், குழாய் இணைப்பில் ஓட்டை விழுந்திருக்கலாம், தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம். அனுபவசாலியான மெக்கானிக் முதலில் கேட்பது, "ஏனுங்க, நேத்து லைன்ல ஆளுங்க வேல பாத்தாங்களா?" என்பதைத்தான். மின்கம்பத்தில் பழுது பார்க்கும்போது மும்முனை மின்சாரத்தின் இரண்டு பேஸ் இடம் மாறிவிட்டால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். ஓடுகிற சத்தம் கேட்கும், தண்ணீர் சரியாக ஏறாது. ஸ்டார்ட்டரில் இரண்டு ஒயரை மாற்றிப் போட்டால் வேலை முடிந்தது. அது தெரியாதவர் நூற்றுக்கணக்கான அடிக் குழாயை ஆள் வைத்து வெளியே இழுத்து, வண்டி வாடகையையும் கூலியையும் தண்டமாக்கிவிடுவார்.

இந்தக் காரணங்களை ஒரு சாட்பாட்டிடம் கேட்டால் அதுவும் வரிசையாகச் சொல்லிவிடும் என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அது தோட்டத்துக்கு வந்து, சிலந்தி வலை படிந்த பெட்டியைத் திறந்து, மின்னோட்டம் அளக்கும் டாங் டெஸ்டரை ஒயரில் மாட்டி ஆம்பியர் பார்க்காது. மோட்டார் கருகியே போயிருந்தால் அதன் பிறகு வரும் வேலை இன்னும் நுட்பமானது: பழைய காயிலை, அதாவது கம்பிச் சுருளை, வெட்டி எடுத்துச் சுற்றுகளை எண்ணி, கம்பியின் பருமனை மைக்ரோமீட்டரில் அளந்து, ஸ்லாட்டுக்குள் தாள் செருகி, ஒவ்வொரு கம்பியாக உள்ளே அமுக்கி, வெளியே நீட்டும் காயில் தலை உள்ளே சுழலும் ரோட்டரில் உரசாமல் தட்டி நூலால் கட்ட வேண்டும்.

கோவையின் பம்ப் தொழிற்சாலைகளில் காயில் சுற்றுவதற்கு இயந்திரம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, ஒரே அளவு மோட்டார் ஆயிரக்கணக்கில் வரிசையாக வரும் இடத்தில் அந்த இயந்திரம் மனிதக் கையைத் தோற்கடித்துவிடும். கடைக்கு வரும் கருகிய மோட்டார்களோ ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. ஒன்றில் முன்பு யாரோ தவறான கம்பியைச் சுற்றியிருப்பார், இன்னொன்றில் நிறுவனத்தின் தகடே இருக்காது. ஆகவே 'வைண்டிங்' என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன, இரண்டின் தலையெழுத்தும் வேறு வேறு. தொழிலின் பெயரை மட்டும் வைத்து ஒப்பிடும் பட்டியல்களை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான்.

வைண்டிங் கடையின் உண்மையான எதிரி ஏ.ஐ. அல்ல. மலிவான மோட்டாரைச் சரி செய்வதை விடப் புதிது வாங்கிவிடலாம் என்ற கணக்கு ஒன்று. சூரிய சக்திப் பம்புகளோடு வரும் மின்னணுக் கட்டுப்பாட்டு அட்டை இன்னொன்று. அட்டை போனால் கடைக்காரர் கையை விரித்துவிடுகிறார். வருமானமும் சீரானதல்ல: கோடையில் சாப்பிட நேரம் இருக்காது, நல்ல மழை பெய்துவிட்டால் ஸ்டூலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்க வேண்டியதுதான். பெண் கேட்டுப் போகும் வீட்டில் 'வைண்டிங் கடை' என்றதும் முகம் எப்படி மாறும் என்பதை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நர்சிங்கை இதன் அருகில் வைத்துப் பார்த்தால் ஒற்றுமை வியப்பளிக்கிறது. எண்பது வயது மூதாட்டியின் சுருங்கிய கையில் நழுவிப் போகும் ரத்த நாளத்தைத் தேடிப் பிடித்து ஊசி ஏற்றுவதும், படுக்கைப் புண் வராமல் நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதும், ஒழுங்கற்ற இடத்தில் கையும் கண்ணும் செய்யும் அதே வகை வேலைதான்; கூடுதலாக இங்கே மனிதரோடு பழகும் திறன் என்ற மூன்றாவது சுவரும் இருக்கிறது. "ஒன்னுமில்ல கண்ணு, நல்லாத்தான் இருக்கறேன்" என்று சொல்லும் அம்மாயி, காலையிலிருந்து மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளித்து வைத்திருக்கிறார் என்பதைக் கண்டுபிடிக்கக் கண்காணிப்புக் கருவியின் திரை போதாது. குறிப்பேடு எழுதுவதையும் பணிமுறைப் பட்டியல் போடுவதையும் ஏ.ஐ. எடுத்துக்கொண்டால் எந்தச் செவிலியரும் வருந்தமாட்டார்.

மருத்துவத் துறையில் இத்தகைய ஆரூடங்கள் எவ்வளவு தடுமாறும் என்பதற்கும் சான்று உண்டு. எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் படிக்கும் கதிரியக்க மருத்துவர்களுக்குப் பயிற்சி அளிப்பதையே நிறுத்திவிடலாம் என்று ஏ.ஐ. ஆய்வின் முன்னோடி ஜெஃப்ரி ஹின்டன் 2016-இல் சொன்னார். அவர் 2024-இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோதும் அந்த மருத்துவர்கள் வேலையில்தான் இருந்தார்கள். படம் படிப்பது அவர்கள் வேலையில் ஒரு பகுதி மட்டுமே என்பது கணக்கில் விட்டுப்போயிருந்தது.

தேவையின் பக்கம் பார்த்தால் நர்சிங் வைண்டிங்கை முந்துகிறது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் 1.8, ஒற்றைப் பிள்ளையோடு நிறுத்திக்கொண்ட வீடுகள் கொங்கு நாட்டில் ஏராளம், அந்தப் பிள்ளையும் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, தோட்டத்து வீட்டில் முதியவர் இருவர் மட்டும் தனித்திருக்கிறார்கள். ஆனால் சிறிய தனியார் மருத்துவமனைகளில் நான்காண்டு பி.எஸ்சி. முடித்தவருக்குக் கிடைக்கும் சம்பளம் அந்தப் படிப்புக்கு ஈடானதல்ல. ஜெர்மனியோ வளைகுடாவோ போகத் துணிந்தால்தான் அந்தக் கணக்கு நேராகிறது. பெருந்துறை வீட்டுப் பெண்ணின் தாய்க்கு அதில் அரை மனது.

சாயப்பட்டறையின் கதை நேர்மாறு. அங்கே கண்ணின் வேலையில் பாதியைக் கருவி எப்போதோ வாங்கிக்கொண்டது. நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரும், சாயக் கலவையைக் கணக்கிடும் கணினியும் திருப்பூருக்குப் புதியவை அல்ல. ஆயினும் சாயமேற்றலை மேற்பார்க்கும் டையிங் மாஸ்டர் போய்விடவில்லை. ஆய்வகத்தில் சில கிராம் துணியில் சரியாக வந்த லேப் டிப் என்னும் மாதிரிச் சாயம், இயந்திரத்தில் மொத்தத் துணியும் முழு லாட்டாக ஓடும்போது சிவப்படித்துவிடும்; பகல் ஒளிப் பெட்டியில் ஒத்துப்போன ஷேடு கடை விளக்கில் விலகி நிற்கும். நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011-இல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துவது தவிர்க்க முடியாததாகிவிட்டதால், தண்ணீரின் குணமும் மாஸ்டர் கவனிக்க வேண்டியதாகிவிட்டது. சாயம் இன்னும் கொஞ்சம் சேர்ப்பதா, இத்தோடு நிறுத்துவதா என்று நள்ளிரவில் முடிவெடுத்து, தவறினால் லாட்டின் நட்டத்துக்கு முதலாளி முன் பதில் சொல்ல ஒருவர் வேண்டும். அவருக்குக் கீழே நான்கைந்து பேர் வேண்டுமா என்பதுதான் சந்தேகம். புதிதாக வருபவருக்கு மாஸ்டர் நாற்காலி நெடுந்தூரம். ஏணியின் கீழ்ப்படிகளைத்தான் கருவி முதலில் கழற்றுகிறது.

கணினிப் பொறியியலுக்கும் அதே ஏணிச் சிக்கல்தான், இன்னும் வேகமாக. கோவையின் ஐ.டி. வட்டாரங்களான சரவணம்பட்டியிலும் டைடல் பூங்காவிலும் புதியவர்களுக்குக் கொடுத்துப் பழக்கிய சோதனை வேலைகளும் எளிய நிரல்களுமே இன்று ஏ.ஐ. நன்றாகச் செய்பவை. அதற்காகப் படிப்பே வீண் என்பது மிகை. நாமக்கல் கோழிப் பண்ணையின் தீவனக் கணக்கோ, கோவை வார்ப்படப் பட்டறையில் அச்சு ஏன் வெடிக்கிறது என்பதோ தெரிந்த ஒருவர் நிரலும் எழுதுவாரானால், அவருக்கு ஏ.ஐ. போட்டியாளர் அல்ல, கையாள். அப்படிப்பட்டவரைக் கல்லூரி மட்டும் உருவாக்குவதில்லை. சம்பளத்தில் இன்றும் நான்கில் இதுவே முதலிடம் என்பதையும் மறைக்கக் கூடாது.

ஆகவே அப்புச்சியிடம் நான் சொன்னது இதுதான்: பிடுங்க முடியாமையில் வைண்டிங்கும் நர்சிங்கும் முன்னால், சாயம் நடுவில், கணினி கடைசியில், வருமானத்தில் இந்த வரிசை ஏறக்குறையத் தலைகீழ். பெண்ணுக்கு நர்சிங்கை ஜெர்மன் மொழியோடு சேர்த்துச் சொன்னேன். பையனுக்கு மின்னியல் டிப்ளமோவும், விடுமுறையில் மாமன் கடையும், அட்டை பழுது பார்க்கும் பயிற்சியும். அவன் தந்தைக்கு இதில் திருப்தி இல்லை; பொறியியல் கலந்தாய்வுக்கும் பதிவு செய்து வைத்திருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டில் அந்தக் கடைப் பக்கம் போனேன். பையன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கருகிய மோட்டாரின் ஸ்டேட்டரிலிருந்து வெட்டி எடுத்த காயிலின் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணிக்கொண்டிருந்தான். முதல் தடவை நாற்பத்தாறு வந்தது, இரண்டாம் தடவை நாற்பத்தெட்டு. மாமன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இன்னொருக்கா எண்ணு சாமி" என்றார்.