இரவல் போகாத புத்தகம்

என் வாசிப்பில் முக்கால் பங்கு கிறிஸ்தவ நாவல்கள். நான்கு வருடங்களுக்கு முன்பு, மின்னூல் படிக்கும் கருவியான கிண்டில் ஒன்றை வாங்கினேன். வாங்கிய வேகத்தில், இனி எதற்கு இந்தப் பாரம் என்று அலமாரியில் பாதியைப் பிறருக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது அவற்றில் சிலவற்றைத் தேடிப் பிடித்துத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறேன். ஆகவே இதை நடுநிலையான ஒப்பீடு என்று யாரும் நம்பிவிட வேண்டாம். நான் அச்சுப் புத்தகத்தின் கட்சி.

முதலில் கிண்டிலுக்கு உரியதைக் கொடுத்துவிடுகிறேன். எடை குறைவு, எழுத்தைப் பெரிதாக்கலாம், இருட்டில் படிக்கலாம், சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கும். இவையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. நம் வகை நாவல்களுக்கென்று தனியாக ஒரு வசதியும் உண்டு. கிறிஸ்தவப் புனைவில் தொடர்கள் அதிகம். கடைசிக் காலத்தைப் பற்றிய ‘லெஃப்ட் பிஹைண்ட்’ வரிசை 1995 முதல் 2007 வரை 16 புத்தகங்களாக வந்தது. அதை அலமாரியில் அடுக்கினால் ஒரு தட்டு முழுவதும் போய்விடும். பழைய நூல்களுக்கும் கிண்டில் நல்லது. 1678இல் வந்த ஜான் பனியனின் ‘மோட்சப் பிரயாணம்’, 1880இல் வந்த ‘பென்-ஹர்’ ஆகியவற்றின் ஆங்கில மூலத்தைக் காப்புரிமைத் தொல்லை இல்லாமல் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

ஆனால் செய்யுளை மட்டும் அதில் படிக்க முயலாதீர்கள். பனியனின் கதையைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை பாடிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ காப்பியத்தை ஏற்றிப் பார்த்தேன். என் கண்ணுக்கு வேண்டிய அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கியதும் விருத்தத்தின் நான்கு அடியும் ஏழெட்டுத் துண்டாக உடைந்து நின்றன. எது எதுகை, எங்கே அடி முடிகிறது என்று ஒன்றும் புலப்படவில்லை.

தொடர் நாவல் வசதியும் போகப் போக வினையானது. இரவு பதினொரு மணிக்கு ஒரு பாகம் முடியும். அடுத்த பாகம் அதே திரையில், ஒரு விரல் தொடும் தூரத்தில் இருக்கும். அப்படி ஐந்து பாகங்களை ஒரே வாரத்தில் விழுங்கியிருக்கிறேன். இரண்டாம் பாகத்தில் கதாநாயகி தன் தகப்பனை ஏன் மன்னித்தாள் என்று பிறகு ஒருவர் கேட்டபோது, மன்னித்தாளா என்று நான் திருப்பிக் கேட்டேன்.

ஒலிப்புத்தகத்தைப் பற்றி அதிகம் பேச எனக்குத் தகுதி இல்லை. மொத்தமே ஆறேழு கேட்டிருப்பேன், அதுவும் பாத்திரம் கழுவும் நேரத்தில். அதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது சி. எஸ். லூயிஸின் ‘ஸ்குரூடேப்’ கடிதங்கள். மூத்த பிசாசு ஒன்று தன் மருமகப் பிசாசுக்கு எழுதும் 31 கடிதங்கள். 1941இல் ஒரு வார இதழில் ஒவ்வொன்றாக வெளிவந்தவை என்பதால் தனித்தனியாகக் கேட்கவே செய்தது போல இருக்கும். ஒரு வேளைப் பாத்திரத்துக்கு ஒரு கடிதம் சரியாக வரும். வேறொரு நாவலில் வாசித்தவர் ஜெபம் வரும் இடங்களில் எல்லாம் குரலைத் தழுதழுக்க வைத்தார். மூன்றாவது ஜெபத்தோடு நிறுத்திவிட்டேன்.

வேதாகமக் கதைகளை நாவலாக்கியவற்றுக்கு ஒலிப்புத்தகம் ஒத்தே வராது. வேதாகமத்தில் ரூத்தின் புத்தகம் நான்கே அதிகாரம். அதை ஒருவர் நானூறு பக்க நாவலாக்கினால், எது வேதத்தில் உள்ளது, எது ஆசிரியரின் கற்பனை என்று பார்த்தாக வேண்டும் எனக்கு. நாவலைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேதாகமத்தைப் புரட்டுவேன். காதில் ஓடும் கதையில் அதற்குள் போவாஸின் களம் தாண்டிப் போயிருக்கும்.

இதெல்லாம் சில்லறைக் காரணங்கள். என்னைத் திருப்பியது இரவல்தான்.

கிறிஸ்தவ நாவலை நாங்கள் படித்து முடித்ததும் மூடி வைப்பதில்லை. இது இன்னாருக்கு ஆகும் என்று ஒரு முகம் மனதில் வரும். சபையில் ஒரு அக்காவுக்குக் கணவர் தவறிப்போனார். விதவை ஒருத்தியின் முதல் வருடத்தைச் சொல்லும் நாவல் ஒன்றை அப்போதுதான் படித்து முடித்திருந்தேன். அது கிண்டிலுக்குள் இருந்தது. கருவியையே தூக்கிக் கொடுத்தால் என் மொத்த அலமாரியும் அடிக்கோடுகளும் அவரோடு போகும். பெயரை மட்டும் சொன்னேன். ஆராதனைத் தாளின் பின்புறம் குறித்துக்கொண்டார். அவ்வளவுதான், படிக்கவில்லை. துக்கத்தில் இருக்கிறவர்கள் புத்தகம் தேடிப் போக மாட்டார்கள். அது அவர்கள் மடிக்கு வந்து சேர வேண்டும்.

பிறகு அச்சுப் பிரதி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. ஒரு மூலை நனைந்து உப்பியிருந்தது. உள்ளே ஒரே ஓர் இடத்தில், ஓரத்தில், பென்சிலால் மெல்லிய கோடு. அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நான் நினைத்திருந்த ஜெபக் காட்சியில் அல்ல. கதாநாயகி பழக்கத்தில் இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு, ஒன்றைத் திரும்ப அடுக்கும் இடத்தில். நான் அந்தப் பத்தியைத் தாண்டிப் போயிருந்தேன்.

கிண்டிலில் நாம் வாங்குவது புத்தகம் அல்ல, படிக்கும் உரிமம். 2009 ஜூலையில், உரிமை இல்லாத ஒருவர் விற்றது என்று சொல்லி, ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களை வாங்கியவர்களின் கருவிகளில் இருந்தே, கிண்டிலை விற்கும் அமேசான் அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது வேறு விஷயம். வாங்கிய மின்னூலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வழியையும் 2025 பிப்ரவரியில் மூடிவிட்டார்கள். அச்சுப் புத்தகத்தை அப்படி யாரும் வந்து பிடுங்கிக்கொண்டு போக முடியாது. இரவல் வாங்கியவர்களைத் தவிர. என் நோட்டுக் கணக்குப்படி இதுவரை திரும்பாதவை 11. அதில் ஒன்று போதகரிடம் இருக்கிறது. கேட்கத் தைரியம் வரவில்லை.

அச்சுக்குப் பராமரிப்பு உண்டு. மலிவுத் தாள் சில வருடங்களில் பழுத்துவிடும், இராமபாணப் பூச்சி பைண்டிங் பசையைத் தேடி வரும். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கித் துடைக்கிறேன். அலுப்புதான்.

கிண்டிலை விற்கவில்லை. புது ஆசிரியர் யாரையாவது சோதித்துப் பார்க்க அதுதான் உதவுகிறது. படித்து முடித்ததும் யார் முகமும் மனதில் வராவிட்டால் நாவல் அதற்குள்ளேயே கிடக்கும். முகம் வந்தால் அச்சுப் பிரதி வாங்குவேன். ஒரே கதைக்கு இரண்டு முறை செலவு என்று வீட்டில் முணுமுணுப்பு உண்டு; மறுக்க முடியாது.

இரண்டு தட்டு நாவல் இப்போது மூன்றாவது ஆளிடம் இருக்கிறது. கொடுத்த தேதியை நோட்டில் எழுதியிருக்கிறேன். பென்சில் கோட்டை அழிக்காமல்தான் கொடுத்தேன்.