ஜூம் வெபினார்: வக்கீல்களுக்கு வகுப்பெடுக்க எவ்வளவு தூரம் தாங்கும்?

அமெரிக்க வக்கீல்களுக்கான சட்டத் தொடர்கல்வி வகுப்புக்கு ஜூம் வெபினார் நல்ல மேடை, ஆனால் அரைகுறையான வருகைப் பதிவேடு. பேசி முடிக்கும்வரை பெரிய தொல்லை எதுவும் வராது. யாருக்கு எத்தனை கிரெடிட் (வகுப்பில் இருந்த நேரத்துக்கு வக்கீல் கணக்கில் ஏறும் புள்ளி) என்று கணக்குப் பார்க்க உட்காரும்போதுதான் தலைவலி ஆரம்பிக்கும்.

வகுப்பெடுக்க அனுமதி கேட்டுத் தேர்வுக்குழுவுக்கு முன்மொழிவு எழுதும்போதே ஒன்றை முடிவு செய்துவிட வேண்டும்: வெபினாரா, சாதாரண ஜூம் மீட்டிங்கா? வெபினாரில் ஹோஸ்டும் (நடத்துபவர்) பேனலிஸ்டுகளும் (பேச வந்தவர்கள்) மட்டுமே திரையில் தெரிவார்கள். கேட்பவர்களை எத்தனை பேர் என்றாலும் குழுக்களாகப் பிரிக்கும் பிரேக்அவுட் அறை அதில் கிடையாது. "ஐந்து ஐந்து பேராக ஒப்பந்தம் வரைந்து பார்ப்போம்" என்று முன்மொழிவில் எழுதிவிட்டு வெபினார் உரிமம் வாங்கினால் அந்தப் பகுதி நடக்காது. அதற்கு மீட்டிங்தான் சரி. ஒருவர் விளக்கப் பலர் கேட்கும் வகுப்பென்றால் வெபினார்.

அடுத்தது நேரக் கணக்கு. "60 நிமிட அமர்வு" என்று மொட்டையாக எழுதக் கூடாது. நியூயார்க்கில் 50 நிமிடம் 1 கிரெடிட். வரவேற்புரையும் இடைவேளையும் அதில் சேராது. கலிபோர்னியாவில் ஒரு மணி என்றால் 60 நிமிடம். 60 நிமிடத்தில் பேச்சாளரின் பெருமைகளை வாசிக்க 10 நிமிடம் போய்விட்டால் நியூயார்க் வக்கீல் தப்பிப்பார், கலிபோர்னியா வக்கீலுக்கு ஒரு மணி நிறையாது. இரு மாநிலத்தாரும் வருவார்களென்றால் 75 நிமிடம் கேட்பதே நல்லது. எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை என்ன பாடம், எழுத்துக் குறிப்பு எத்தனை பக்கம் என்பதைப் பட்டியலாகப் போட்டுவிட வேண்டும். தேர்வுக்குழு முதலில் பார்ப்பது அதைத்தான். "சைபர் சட்டம் ஓர் அறிமுகம்" போன்ற கடலளவு தலைப்பும், அலுவலக விளம்பரம் போலத் தெரியும் உரையும் அங்கேயே அடிபடும்.

இனி ஹாஜர். ஒருவர் ஜூம் சாளரத்தை விட்டு வேறு வேலைக்குப் போனால் காட்டிக்கொடுக்கும் வசதி முன்பு இருந்தது. 2020 ஏப்ரலில் நீக்கிவிட்டார்கள். தனியுரிமைக்கு நல்லதுதான், ஆனால் ஆள் கவனிக்கிறாரா என்பதற்கு இனி 'போல்' (poll) கேள்விகளே, அதாவது நடுவில் திரையில் வந்து பதில் கேட்கும் சிறு கேள்விகளே சாட்சி. ஒரு மணிக்கு மூன்று போதும். 15, 35, 52-வது நிமிடங்களையொட்டி, நேரத்தை முன்கூட்டிச் சொல்லாமல் போடலாம். கேள்விகளை முன்பே தயார் செய்து வைக்க வேண்டும்; பேச்சின் நடுவே தட்டச்சு செய்ய முடியாது. இரண்டு இடத்தில் சறுக்கும். பெயரற்ற பதில் என்ற பெட்டியில் டிக் இருந்தால் யார் பதில் சொன்னார் என்பதே ரிப்போர்ட்டில் வராது. முன்பதிவு கட்டாயமில்லை என்று விட்டாலும் அதே கதிதான்.

தொலைபேசியில் டயல் செய்து கேட்பவருக்கு ஸ்லைடும் தெரியாது, போல் கேள்வியும் வராது. பேச்சாளர் நடுவில் ஒரு குறிச்சொல்லை வாயால் சொல்லி, அதை எழுதி அனுப்பச் சொல்வதே வழி. நியூயார்க்கில் இத்தகைய குறியீட்டை வக்கீல் தன் உறுதிமொழிப் படிவத்தில் எழுதித் தரும் முறை ஏற்கெனவே உண்டு.

வருகை ரிப்போர்ட்டை அப்படியே நம்பக் கூடாது. ஒருவர் மடிக்கணினியில் 10:02-க்கு வந்து 10:31-க்குப் போகிறார். கைபேசியில் 10:25-க்கு வந்து 11:00 வரை இருக்கிறார். ரிப்போர்ட்டின் சிஎஸ்வி கோப்பில் (அட்டவணையாகத் திறக்கும் உரைக் கோப்பு) இரண்டு வரிகள், 29 நிமிடமும் 35 நிமிடமும். கூட்டினால் 64 நிமிடம். அவர் உண்மையில் இருந்தது 58. ஒன்றின்மேல் ஒன்று விழும் நேரத்தைக் கழித்த பிறகே கிரெடிட் போட வேண்டும். ஒரே திரையில் இரண்டு பேர் பார்த்தால் ஒரு வரிதான் வரும். இன்னொருவருக்குத் தனி ஆதாரம் வேண்டும். முன்பதிவுப் படிவத்தில் வக்கீலின் பார் கவுன்சில் போன்ற அமைப்பில் உள்ள பதிவு எண்ணையும் கேட்டு வாங்கலாம், ஆனால் சிஎஸ்வியை நேராக எக்செலில் திறந்தால் எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யங்களை அது விழுங்கிவிடும். அந்தப் பத்தியை உரையாக இறக்குமதி செய்தால் தப்பும்.

பேச்சாளர் பக்கம் ஜூம் கைவிடாது. பயிற்சி அமர்வு வசதியை முன்பே இயக்கி வைத்தால் ஒளிபரப்பைத் தொடங்கும்வரை உள்ளே ஹோஸ்டும் பேனலிஸ்டுகளும் மட்டுமே. ஒவ்வொரு பேனலிஸ்டுக்கும் தனி இணைப்பு போகும். அதை விட்டுப் பொது இணைப்பில் நுழைபவர் பார்வையாளராகவே உட்கார்ந்திருப்பார். ஹோஸ்ட்தான் மேலே ஏற்ற வேண்டும்.

திரை முழுவதையும் பகிர்வது வக்கீலுக்கு ஆபத்து. கட்சிக்காரர் பெயரோடு ஒரு மின்னஞ்சல் அறிவிப்பு மூலையில் எட்டிப் பார்த்தால் ரகசியக் கடமை போச்சு. பவர்பாயின்ட்டில் ஸ்லைடு ஷோவைச் சாளரமாக ஓடும்படி மாற்றி, அந்தச் சாளரத்தை மட்டும் பகிர வேண்டும். வீடியோத் துண்டு போடுவதானால் 'ஒலியைப் பகிர்' பெட்டியில் டிக் அவசியம். மறந்தால் ஊமைப் படம்தான்.

கேள்வி-பதில் பலகையில், பதில் சொன்ன கேள்விகள் மட்டுமே மற்றவர்களுக்குத் தெரியும்படி அமைக்க வேண்டும். கேட்பவர்கள் தங்கள் நடப்பு வழக்கின் விவரங்களை அப்படியே கொட்டுவது சகஜம். மறைத்தாலும் அந்தக் கேள்வி ரிப்போர்ட்டில் தங்கும், ஆகையால் அந்தக் கோப்பு யார் கைக்குப் போகிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வகுப்பின் வீடியோப் பதிவை ஜூமின் மேகச் சேமிப்பில் (கிளவுட்) வைத்துப் பின்னால் போட நினைப்பவர்களுக்கு ஒன்று. குறிச்சொல் வாசித்த நொடிகள் அதில் அப்படியே இருக்கும். ஜூமின் வெட்டும் கருவி முன்னும் பின்னும் கத்தரிக்க உதவும், ஆனால் நடுவில் உள்ள குறிச்சொல்லை எடுக்கத் தனி எடிட்டிங் மென்பொருள்தான் வேண்டும்.