சென்னை ரிச்சி தெருவில் லினக்ஸ் தெரிந்த ஒரு சர்வீஸ் கடை

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் இயங்குதளம் ஓடும் லேப்டாப்பில் திரை தகராறு செய்தால், நான் ஏறி இறங்கிய கடைகளில் முதலில் வரும் பதில், "விண்டோஸ் போட்டுடலாம் சார்" என்பதுதான். நரசிங்கபுரம் தெருப் பக்கம் ஒரு முதல் மாடியில் இருக்கும் இந்தச் சின்னக் கடையில் அப்படிச் சொல்லவில்லை.

என் தொழில் புத்தகப் பக்க வடிவமைப்பு. டெபியன் என்ற லினக்ஸ் வகையில், ஸ்கிரைபஸ் (பக்க வடிவமைப்பு), இங்க்ஸ்கேப் (படம் வரைதல்) மென்பொருள்களை வைத்துச் செய்கிறேன். எஸ்எஸ்டி (சேமிப்பு டிரைவ்) மாற்ற வீட்டுப் பக்கத்தில் வேறொரு கடையில் கொடுத்தேன். டெபியன் 11-ஐயும் அவர்களே போட்டுத் தந்தார்கள். 1920 x 1080 திரை 1024 x 768-இல் நின்றுவிட்டது. எழுத்துகள் அகலமாக இழுபட்டு, ஓரமெல்லாம் மசமசப்பு. புள்ளி இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் எப்படி ப்ரூஃப் பார்ப்பது? வெளிச்சத்தைக் குறைக்கும் பட்டனும் வேலை செய்யவில்லை, எச்டிஎம்ஐயில் மாட்டிய மானிட்டரும் வரவில்லை. கேட்டால், "பேனல் வீக், 5,500 ஆகும்" என்றார்கள்.

இங்கே இருந்த தம்பி ஸ்க்ரூ டிரைவரையே எடுக்கவில்லை. முதலில், லேப்டாப்பில் நிறுவாமலேயே ஓடும் ஒரு லைவ் பென் டிரைவில் டெபியன் 12-ஐ ஓடவிட்டார். திரை பளிச்சென்று முழு அளவில் வந்தது, மானிட்டரும் வந்தது. "பேனல் நல்லா இருக்கு சார், செட்டிங்தான்" என்றார்.

அப்புறம் என் டெபியனின் க்ரப் மெனுவில் (கணினி தொடங்கும்போது வரும் பட்டியல்) 'இ' விசையை அழுத்தி, இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குக் கட்டளை தரும் வரியைக் காட்டினார். கடைசியில் 'நோமோட்செட்' என்று ஒட்டிக்கொண்டிருந்தது. அது இருந்தால் கிராபிக்ஸ் டிரைவர் திரையைக் கையிலேயே எடுக்காது. ஏதோ ஒரு படம் மட்டும் வரும். அந்த ஒருமுறைக்கு மட்டும் அதை அழித்து பூட் செய்தார். முழுக் கருப்பு. பழையபடி பூட் செய்து, முந்தைய பூட்டின் பதிவை, பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையில் திறந்தார். ஏஎம்டிஜிபியு (ஏஎம்டி கிராபிக்ஸ் டிரைவர்) கேட்கும் ஃபர்ம்வேர், அதாவது கிராபிக்ஸ் சிப்புக்குள் ஏற்ற வேண்டிய சிறு மென்பொருள், ஏற்றம் தோல்வி, பிழை மைனஸ் 2. அதாவது கோப்பே இல்லை. பழைய கடை அதைப் போடாமல், கருப்புத் திரையை நோமோட்செட்டால் மூடிவிட்டது!

2023-இல் வந்த டெபியன் 12-இலிருந்து இந்த ஃபர்ம்வேர் அதிகாரப்பூர்வ இன்ஸ்டாலரிலேயே வருகிறது. 11-இல், முழுச் சுதந்திர உரிமம் இல்லாத மென்பொருள்களுக்கான நான்-ஃப்ரீ பிரிவைச் சேர்த்து நாம்தான் போட வேண்டும். அவர் ஃபர்ம்வேர் பேக்கேஜைப் போட்டு, க்ரப் அமைப்புக் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு 'நோமோட்செட்' சொல்லை நீக்கினார். மாற்றத்தைப் பதிய அப்டேட்-க்ரப் கட்டளை, பிறகு ரீபூட். எல்லாம் சரி.

கூலி 500 ரூபாய். பில்லின் பின்பக்கம் என்ன மாற்றினார் என்பதையும் பேக்கேஜ் பெயரையும் எழுதிக் கொடுத்தார். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். நம் மெஷினில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரிய வேண்டாமா?

குறையும் உண்டு. படி செங்குத்து, உட்கார ஒரே ஒரு ஸ்டூல், ஃபோனை எடுப்பதே இல்லை. தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கேமிங் லேப்டாப் என்றால் ஒரு நாள் விட்டுப் போகச் சொல்கிறார். ஞாயிறு லீவு. அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம், பைக்கை நிறுத்த இடம் தேடி அலைய வேண்டாம். பேக்கப் எடுத்துவிட்டு, சார்ஜரோடு போங்கள்.