மார்ட்டின் லூதர் கிங் கையெழுத்து: கடிதமா, புத்தகமா?

கிங் கையெழுத்திட்ட கடிதத்தை வாங்குவதா, புத்தகத்தை வாங்குவதா என்று தயங்குபவர்களுக்கு.

நம்பகம்: கடிதத்தில்தான் ஆபத்து அதிகம். அவர் பெயரில் செயலாளர்களே பல கடிதங்களில் கையெழுத்திட்டார்கள். தாளும் தட்டச்சும் அசலாக இருந்தும் கையெழுத்து அவருடையதாக இராது. புத்தகத்தில் இருப்பது பெரும்பாலும் நேரில் போட்டது. 1958 செப்டம்பரில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக் கடையொன்றில் தன் முதல் புத்தகத்தில் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தபோதுதான் ஒரு பெண் கடித உறை பிரிக்கும் கத்தியால் அவர் மார்பில் குத்தினார். அந்தப் புத்தகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

விலை: கடிதத்துக்கு அதில் எழுதியிருப்பதே விலை. போராட்டத்தைப் பேசும் கடிதம் புத்தகத்தை மிஞ்சும். வெறும் நன்றிக் கடிதம் அப்படியல்ல.

பராமரிப்பு: மூடிய புத்தகத்துக்குள் மை வெளிச்சம் படாமல் தப்பும். சட்டமிட்டு வெயில் படும் சுவரில் மாட்டிய கடிதம் மங்கும்.

முதன்முதலாக வாங்குபவருக்குப் புத்தகம். வரலாற்றைத் தேடுபவருக்குக் கடிதம். நிபுணர் சரிபார்த்த பிறகு மட்டும்.