1,140 டொலரும் நான்கு திருகாணிகளும்: பழைய கேம்பர் வான் வைத்திருப்பவர்களுக்கு

நேற்று மாலை ஒரு வயதான மெக்கானிக் என் வானின் பக்கச் சுவரில் கைவிளக்கைப் பிடித்து, வானுக்குள் சூடான காற்று தரும் ஃபேர்னஸின் வெளிமூடியில் இருந்த நான்கு திருகாணிகளைக் காட்டினார். வானை எனக்கு விற்றவர் ஒரு காலத்தில் அதற்கு வெளிர்மஞ்சள் பெயின்ற் அடித்திருக்கிறார். அந்தப் பெயின்ற் நான்கு ஆணிகளின் தலைப் பள்ளத்திலும் பால் ஆடைபோலப் படிந்து, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. "இதை யாரும் பல வருடங்களாகத் திறக்கவில்லை" என்றார். ஐந்து கிழமைக்கு முன்னர்தான் இதே மூடியைக் கழற்றி, உள்ளே எல்லாம் துப்புரவாக்கி, புது சர்க்யூட் போர்ட் மாட்டியதற்காக ஒரு கராஜுக்கு 1,140 டொலர் கொடுத்தேன். கை நடுங்க நடுங்க இதை எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வான் 1994ஆம் ஆண்டு டாட்ஜ். பின்னால் புரொப்பேனில் ஓடும் 16,000 பி.டி.யு. ஃபேர்னஸ். கோடையில் அதைத் தொடவே இல்லை. செப்டெம்பரில் சோதித்துப் பார்த்தபோது காற்றாடி மட்டும் ஓடியது, குளிர்காற்றுத்தான் வந்தது. வாயுக்கருவிகள் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, தெரியாததில் கை வைக்கவும் கூடாது என்று, பொருள் வாங்கி விற்கும் ஒரு இணையத்தளத்தில் தேடினேன். ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம், கார் திருத்தும் ஒரு சின்னக் கராஜ். "கேம்பர், ட்ரெய்லர் வேலையும் செய்யப்படும்" என்று விளம்பரம். போன் எடுத்தவர் என் ஆங்கிலத்தைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார்.

விழுந்த இடம் இதுதான். போய் இறங்கியதும் அவர் வானைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "அண்ணை எந்த ஊர்?" என்றார். சொன்னேன். அவருடைய தாய்மாமன் பெண் எடுத்தது எங்கள் ஊரிலாம். காகிதக் கோப்பையில் இஞ்சித் தேநீர் வந்தது. வானுக்குள் ஏறி, பிள்ளைகள் படுக்கும் கட்டிலைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, "இது என் பிள்ளைகள் படுக்கிற இடம் என்று நினைத்துத்தான் வேலை செய்வேன்" என்றார். அந்த ஒரு வசனத்துக்கு 1,140 டொலர். எழுத்தில் மதிப்பீடு கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஊர்க்காரனிடம் கடதாசி கேட்பதா என்று வெட்கம். அட்டையில் கட்டினால் வரி சேரும், மின்-பரிமாற்றமாக அனுப்பினால் சேராது என்றார். அனுப்பினேன். வரியை மிச்சம் பிடிக்கப் பார்த்த என் குற்றமும் இதில் உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

மூன்று நாளில் வான் திரும்பியது. கையால் எழுதிய ஒரு துண்டு: பேர்னர் துப்புரவு, புகைக்குழாய் துப்புரவு, புது போர்ட், கார்பன் மோனொக்சைட் (மணமில்லாத நச்சு வாயு) அலாரம் சோதனை. "இதுதான் உங்கள் பழைய போர்ட்" என்று பிளாஸ்டிக் பையில் ஒன்றையும் தந்தார். அவர் பொத்தானை அழுத்தினார், சூடான காற்று வந்தது. நான் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது.

ஒக்டோபர் நடுவில் அல்கொன்குயின் பூங்காவுக்குப் போனோம், மியூ ஏரிக்கரையில் தங்க. இரவு பதினொரு மணிக்கு வெளியே உறைநிலைக்குக் கீழே போய்விட்டது. தெர்மோஸ்டாட்டைத் திருப்பினேன். காற்றாடி ஓடியது. வாயுவைப் பற்றவைக்கும் பொறியின் 'டிக் டிக் டிக்' சத்தம் வரவில்லை. நிறுத்தி, மறுபடி போட்டேன். எட்டுத் தடவை இருக்கும். ஒவ்வொரு தடவையும் குளிர்காற்று பிள்ளைகளின் முகத்தில் அடித்தது. சமையல் அடுப்பைப் பற்றவைப்போமா என்று மனைவி கேட்டார். மூடிய வாகனத்துக்குள் அது சாவுக்கு அழைப்பு என்பது மட்டும் எனக்குத் தெரியும், வேண்டாம் என்றேன். பிள்ளைகளை மேலங்கியோடு சுருட்டி இருக்கையில் கட்டி, மூஸ் குறுக்கே பாயும் 60ஆம் நெடுஞ்சாலையில், நடு இரவில் ஹண்ட்ஸ்வில் வரை ஓடினேன். என்ஜின் சூட்டில் அவர்கள் உறங்கிவிட்டார்கள். மோட்டல் செலவு தனிக்கணக்கு.

திங்கள் காலை கராஜுக்குப் போன் எடுத்தேன். "பற்றரி இறங்கியிருக்கும் அண்ணை." அளந்து சொன்னேன், 12.6 வோல்ட். "அப்படியென்றால் சிலிண்டரில் வாயு இல்லை." அடுப்பு எரிந்ததே என்றேன். "மெக்கானிக் விடுமுறை, வெள்ளிக்கிழமை எடுங்கள்." வெள்ளிக்கிழமை போன் எடுக்கவில்லை. நேரே போனேன். தேநீர் இல்லை. "முப்பது வருடத்து வாகனம், புதுசு மாதிரியா ஓடும்?" என்று சிரித்தார். வாகனத் திருத்த வேலைக்கு இந்த மாகாணத்தில் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர் உத்தரவாதம் உண்டே என்றேன். அது என்ஜினுக்கும் பிரேக்குக்கும்தானாம், ஹீற்றருக்கு இல்லையாம். பற்றுச்சீட்டு எங்கே என்று கேட்டார். அந்தத் துண்டை நீட்டினேன். "இதில் என் கடையின் பெயர் இருக்கிறதா?" பெயர் இல்லை. வங்கிக்குப் போனேன். ஏற்கப்பட்டுவிட்ட மின்-பரிமாற்றத்தைத் திருப்பி எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். 1,140 டொலர் அத்தோடு போயிற்று.

நேற்று வந்தவர் பீற்றர்பரோ பக்கத்துக்காரர், வீட்டுக்கே வந்து செய்பவர். வேலை தொடங்கமுதல் தன்னுடைய வாயுத் தொழில் அத்தாட்சி அட்டையை அவராகவே காட்டினார். பிறகு காதைக் கொடுத்துக் கேட்கச் சொன்னார். இந்தக் கருவிக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறதாம்: முதலில் காற்றாடி, அது போதிய வேகத்தில் ஓடினால் 'செயில் சுவிட்ச்' மூடும், அதன் பிறகே வாயு திறக்கும், பொறி பறக்கும். காற்றாடி ஓடியும் டிக் டிக் இல்லையென்றால் முதல் சந்தேகம் அந்தச் சுவிட்சில். கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். தீப்பெட்டியை விடச் சின்னது, பாய்மரத்துப் பாய்போலக் காற்றுத் தள்ளுவதற்கு ஒரு மெல்லிய தகட்டு நாக்கு. அந்த நாக்கின் அடியில் நாய்மயிர் கயிறுபோலச் சுற்றியிருந்தது. எங்களிடம் நாய் இல்லை. வானை விற்றவரிடம் இருந்தது. மயிர் ஒரு நாள் விட்டுக்கொடுக்கும், ஒரு நாள் பிடிக்கும். கராஜில் சூடு வந்தது அந்த ஒரு நாள் அதிர்ஷ்டம்.

அடுத்தது புகைக்குழாய். "துப்புரவு" என்று எழுதித் தந்தார்களே, அதே குழாய். ஒரு கம்பியால் மெல்லக் குடைந்து எடுத்தார்: மண்குளவிக் கூடு, சுட்ட களிமண்போல, மூன்று துண்டு. உள்ளே வெப்பமாற்றியில் (எரிபுகையை நாங்கள் சுவாசிக்கும் காற்றிலிருந்து பிரித்து வைக்கும் உலோக உறை) ஒரு வெடிப்பும் இருந்திருந்தால் அந்தப் புகை எங்கே வந்திருக்கும் என்று அவர் சொல்லவில்லை, கட்டிலைப் பார்த்தார். கண்ணாடியும் விளக்கும் வைத்து அதை நெடுநேரம் சோதித்து, வெடிப்பு இல்லை என்றார். போர்ட் பழையதுதான், தூசி படிந்தபடி. பையில் தந்த "பழைய போர்ட்" எங்கள் வயர்க்கொத்தில் பொருந்தவே இல்லை, வேறு ஏதோ கருவியினுடையது. கார்பன் மோனொக்சைட் அலாரத்தைத் திருப்பினார், பின்பக்கம் 2009 என்றிருந்தது. பொத்தானை அழுத்தினால் கத்தும்தான். அது ஒலிப்பான் வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி, உள்ளே இருக்கும் உணரி செத்துப் பல வருடம் ஆகியிருக்கும். 2008 டிசம்பரில் இதே ஒன்ராறியோவில், உட்ஸ்டாக்கில், எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டு ஒரு பொலிஸ் அதிகாரியும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் இறந்தார்கள். வீடுகளில் இந்த அலாரத்தைக் கட்டாயமாக்கிய 2013ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அவர்கள் பெயர்தான். அந்தக் கராஜ்காரருக்கு அலாரம் என்றால் ஒரு பொத்தான்.

இவ்வளவுக்கும் நேற்று கொடுத்தது 165 டொலர், சுவிட்சும் சேர்த்து. பற்றுச்சீட்டில் பெயர், தொலைபேசி எண், வரி எல்லாம் இருக்கிறது.

ஃபேர்னஸை எப்படிச் சோதிப்பது, எப்படித் துப்புரவாக்குவது என்று படிப்படியாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்கு மனம் இல்லை. சுருக்கமாக: வேலைக்குக் கொடுக்கமுதல் வெளிமூடி ஆணிகளைப் படம் எடுங்கள். வாயுவில் கை வைப்பவரிடம் டி.எஸ்.எஸ்.ஏ. (ஒன்ராறியோவில் வாயுத் தொழிலாளருக்கு அத்தாட்சி தரும் அமைப்பு) அத்தாட்சியைக் கேளுங்கள், கோபித்தால் திரும்பி வாருங்கள். கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். கடைப் பெயர் இல்லாத கடதாசியை வாங்க வேண்டாம், காசை அட்டையில் கட்டுங்கள். அலாரத்தின் பின்பக்கத் திகதியை இன்றைக்கே பாருங்கள். ஊர் கேட்பவருக்கு ஊரைச் சொல்லுங்கள், மதிப்பீட்டையும் கேளுங்கள்.

சிறு உரிமைக் கோரல் நீதிமன்றத்துக்கான படிவத்தை இறக்கி வைத்திருக்கிறேன். ஆணிகளின் படம் இருக்கிறது, குளவிக் கூட்டின் மூன்று துண்டுகளும் ஜாம் போத்தலில் இருக்கின்றன. அனுப்பிய 1,140 டொலருக்கு வங்கிப் பதிவும் இருக்கிறது. அதில் அவருடைய பெயர் இருக்கிறது.