பேட்டரி ஆய்வில் போஸ்ட்டாக் தேடுகிறவர்களுக்குக் குன்னூரில் ஒரு வழிகாட்டி

லித்தியம் அயனி பேட்டரியில் முனைவர் பட்டம் முடித்து, போஸ்ட்டாக் (பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) இடம் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குன்னூர் பெட்ஃபோர்டு பகுதியில், ஓய்வுபெற்ற மின்வேதியியலாளர் ஒருவர் தம் வீட்டு முன்னறையிலேயே வழிகாட்டல் அமர்வுகள் நடத்திவருகிறார். விளம்பரம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவர் பெயரைக் குறிப்பிடவில்லை. நீலகிரிக் கல்லூரிகளின் வேதியியல் ஆசிரியர்களிடம் விசாரித்தால் வழி சொல்வார்கள். ஓர் அமர்வுக்கு 1,500 ரூபாய்.

இதற்கு முன் நான் பணம் கட்டிய இணையவழி நிறுவனம் ஒன்று, தற்குறிப்பின் எழுத்துருவை மாற்றிக் கொடுத்ததோடு சரி. இவரோ தற்குறிப்பைக் கையில் வாங்கவே இல்லை. ஆய்வின் மூலத் தரவைத்தான் கேட்டார். 500 சுழற்சிக்குப் பிறகும் (ஒரு சுழற்சி என்பது ஒருமுறை மின்னேற்றி இறக்குவது) கொள்ளளவு நன்றாக நிற்பதைக் காட்டும் என் வரைபடத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, அதன் ஓரத்தில் பென்சிலால் 0.999 என்று எழுதி, "இதை இதாலேயே 500 தடவை பெருக்கிப் பாருங்கம்மா" என்றார். விடை ஏறத்தாழ 0.6. அதாவது, கூலம்பிக் திறன் (ஏற்றிய மின்னூட்டத்தில் திரும்பக் கிடைக்கும் பங்கு) 99.9 சதவீதமாக இருந்து, குறையும் பங்கு முழுவதும் லித்தியம் இழப்பாகவே போகுமானால், முழுச் செல்லில் (நிஜ பேட்டரிபோல அளவான லித்தியம் மட்டுமே உள்ள செல்) 500 சுழற்சிக்குப் பின் கொள்ளளவில் 60 சதவீதமே மிஞ்சும். நான் சோதித்த அரைச் செல்லில் (ஒரு மின்வாயை மட்டும் சோதிக்கும் செல்) எதிரே இருக்கும் லித்தியம் உலோகத் தகடு அந்த இழப்பை ஈடுகட்டி மறைத்துவிடுகிறது. நேர்காணலில் முதலில் வரக்கூடிய கேள்வி இதுதான் என்று சொல்லி, அதற்கு விடை சொல்லும் விதத்தையும், முழுச் செல்லில் செய்ய வேண்டிய அடுத்த சோதனையையும் பொறுமையாக விளக்கினார். கொடுத்த பணத்துக்கு இந்த ஒரு மணி நேரமே போதும்.

நிதிநல்கைகளின் விதிகளும் அவருக்கு அத்துப்படி. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி நல்கைக்கு விண்ணப்பிப்பவர், போக விரும்பும் நாட்டில் முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கக் கூடாது என்பதையும், ஜெர்மனியின் ஹம்போல்ட் நல்கைக்கு ஜெர்மானியப் பேராசிரியரின் ஒப்புதலை முன்கூட்டியே பெற்றிருக்க வேண்டும் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தை வெளிநாட்டு ஆய்வகங்களுக்குச் சமமாக வைத்துப் பேசுவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதில் நியாயமும் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டிருந்த ஆறுமுகம் மந்திரம், 1985இல் ஆக்ஸ்ஃபோர்டில், பின்னாளில் லித்தியம் அயனி பேட்டரிக்காக நோபல் பரிசு பெற்ற ஜான் குட்இனஃப் குழுவில் சேர்ந்தவர். 2019இல் குட்இனஃபின் சார்பில் நோபல் உரையை வாசித்தவரும் அவரே. நம் ஊர்க் கல்லூரிகளிலிருந்து வருகிறவர்கள் தயங்கத் தேவையில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. செல் தயாரிக்கும் நிறுவனங்களில் வேலை தேடுவோருக்கு இவரிடம் அதிகம் கிடைக்காது. காணொளி அமர்வுக்கு அவர் சம்மதிப்பதில்லை என்பதால், மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் கோவையிலிருந்து வருகிறவர்களின் அமர்வு தள்ளிப்போகிறது. விண்ணப்பக் கெடு நெருங்கும்போது இது உண்மையிலேயே பெரிய தொல்லை. கெடுவுக்கு இரண்டு மாதம் முன்பே நேரம் வாங்கிவிடுவது நல்லது.

போகும்போது சுழற்சித் தரவுடன், மின்வாயில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் செயல்பொருள் இருந்தது, செல்லில் எவ்வளவு எலக்ட்ரோலைட் (மின்பகுளி) விட்டீர்கள் என்ற இரண்டு விவரங்களையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். இவை இல்லாமல் போனால், பணம் வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுவார்.